0.9 மில்லிமீட்டர் தகட்டில் எதைக் கொண்டு இணைப்பது? பழைய ஹெரால்டு காரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

1950, 60களின் பிரிட்டிஷ் கார்களுடைய உடற்தகடு பொதுவாக 20 கேஜ் கனம் கொண்டது. மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.9. ஓர் எம்6 (6 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே உள்ள தூரம் 1 மில்லிமீட்டர். ஆகவே அந்தத் தகட்டில் துளையிட்டு டேப் போட்டால், அதாவது மரை வெட்டினால், போல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு முழுச் சுற்று மரைகூட அங்கே அமையாது. பழைய காரின் தகட்டில் எதையேனும் பொருத்த நினைப்பவரின் சிக்கல் முழுவதும் இந்தச் சின்னக் கணக்கில் அடங்கியிருக்கிறது. செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ, கிளிப் நட், ரிவெட் நட், பாப் ரிவெட், பற்றவைத்த நட், ஒட்டு நாடா ஆகிய எல்லாமே, மெல்லிய தகட்டுக்கு இல்லாத கனத்தை எங்கிருந்து கடன் வாங்குவது என்ற கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகள்தாம்.

இந்த ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு ட்ரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இந்தக் காரை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. இணைப்பான்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. ஸ்டாண்டர்டு ட்ரயம்ஃபுக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம் 1953இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) கைக்குப் போய்விட்டதால், முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்தெடுக்கும் வழி அடைபட்டது. எனவே தனிச் சேசிஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை எனத் துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கும் வண்டியாக ஹெரால்டை வடிவமைத்தார்கள். தொலைதேசங்களுக்குப் பெட்டியில் அனுப்பி அங்கே கோப்பதற்கு அது வசதியாகவும் அமைந்தது. நமக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த இந்தக் காரில், தொழிற்சாலை எந்த இடத்தில் எந்த இணைப்பானை ஏன் வைத்தது என்பதைப் பார்த்தே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

என் முன்னே இருந்த வேலைகள் இவை: வலப்புறக் கதவில் பக்கக் கண்ணாடி, பின்சக்கரங்களுக்கு மட்ஃபிளாப், கதவுகளின் உள் அட்டை, நம்பர் பிளேட், டிக்கியின் ஓரமாக ஓடும் ஒயர்களுக்கான பிடிகள், பிறகு முன் இருக்கைகளுக்குச் சீட் பெல்ட். பலரும் இத்தகைய வேலையில் எந்த இணைப்பான் அதிக வலுவானது என்றே முதலில் கேட்கிறார்கள். ஒரு கண்ணாடியைத் தாங்க எவ்வளவு வலு வேண்டும்? இங்குள்ள எந்த இணைப்பானும் அதற்குப் போதும். நான் கேட்பது வேறு: ஏதோ ஒன்று கெட்டுப்போக வேண்டுமென்றால் முதலில் எது கெட வேண்டும்? ஸ்க்ரூவும் கிளிப்பும் கடையில் கிடைக்கும். ஹெரால்டின் கதவுத் தகடு கிடைக்காது. ஆகவே எந்த இணைப்பான் தான் தேய்ந்து தகட்டைக் காப்பாற்றுகிறதோ அதற்கே முதலிடம். தகட்டின் மறுபக்கம் கை எட்டுமா, அந்தப் பொருளை எத்தனை முறை கழற்ற நேரும் என்பவை அடுத்த இரண்டு கேள்விகள்.

இந்த அளவுகோலில் மிகவும் பின்தங்குவது, பட்டறைகளில் மிக அதிகமாகப் புழங்கும் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூதான். 4.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு இந்தக் கனத் தகட்டில் 3.2 மில்லிமீட்டர் அளவில் துளை போட்டால், ஸ்க்ரூ தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். முதல் முறை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது வெட்டிய மரை இருப்பது 0.9 மில்லிமீட்டர் விளிம்பில். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அந்த விளிம்பு சற்றே தேயும், பழைய தடத்தில் நுழையாமல் ஸ்க்ரூ புதுத் தடம் வெட்டினால் இன்னும் விரைவாகத் தேயும். பிறகு 10ஆம் நம்பர், அதற்குப் பிறகு துளைக்குள் ஒரு மரக்குச்சி என்று கதை நீளும். வெட்டுப்பட்ட விளிம்பில் வர்ணம் நிற்காது என்பதால் துருவும் அங்கிருந்தே தொடங்குகிறது. கூர்முனை கொண்ட வகை தகட்டுக்குப் பின்னால் ஓடும் ஒயரைக் குத்தக்கூடும். உள் அலங்காரப் பட்டை, வாசற்படித் தகடு போன்ற சுமையற்ற இடங்களில் மட்டும், அதுவும் மொட்டை முனை வகையாகப் பார்த்து, இதை ஏற்கலாம்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ஜிப்சம் பலகைக்கென விற்கப்படும் கறுப்பு ஸ்க்ரூவை காரில் பயன்படுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது கடினமாக்கப்பட்ட எஃகு, வளையாமல் ஒடியும். அதன் கறுப்புப் பூச்சு ஈரத்தைத் தாங்காது. என் வண்டியின் டிக்கியில் முந்தைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ இறக்கியிருந்த அத்தகைய ஸ்க்ரூக்களில் மூன்று, தலை ஒடிந்து உடல் மட்டும் தகட்டில் சிக்கிக் கிடந்தன. அவற்றை எடுக்கச் செலவான நேரத்தில் இரண்டு மட்ஃபிளாப்களையும் மாட்டியிருக்கலாம்.

ஒரே செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ, அதன் மறுபக்கத்தில் ஒரு கிளிப் நட் வைத்துவிட்டால் முற்றிலும் வேறு சாதனமாகிவிடுகிறது. வில்லெஃகுத் தகட்டை யு வடிவில் மடித்துச் செய்த இந்தக் கிளிப்பைத் தகட்டின் ஓரத்தில் செருகிவிடலாம். அதிலுள்ள இரண்டு நாக்குகள் ஸ்க்ரூவின் மரையைக் கவ்விக்கொள்ளும். இது காருக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் அடுப்பு செய்துவந்த டின்னர்மேன் குடும்பத்தினர், எனாமல் பூசிய அடுப்புத் தகடுகளை நட்டு போட்டு இறுக்கும்போது எனாமல் வெடிப்பதைத் தவிர்க்க 1920களில் உருவாக்கியது. இறுக்கும்போது மேல்நோக்கி வளைந்திருக்கும் நாக்குகள் தட்டையாகி ஸ்க்ரூவை நெருக்குவதால், அதிர்வில் கழலாத பூட்டும் தானாகக் கிடைக்கிறது. எனாமலை வெடிக்கவிடாத அதே மென்மைதான் பழைய காரின் வர்ணத்துக்கும் வேண்டியது.

கிளிப் நட்டின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தகட்டில் இருப்பது ஸ்க்ரூ தாராளமாக நுழையும் வெறும் துளை. மரை முழுவதும் கிளிப்பில். எத்தனை முறை கழற்றினாலும் தேய்வது கிளிப்பே, தேய்ந்தால் அதை உருவிப் போட்டுவிட்டுப் புதிதைச் செருகலாம். துளைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகியிருந்தாலும் கிளிப் நகர்ந்து இடங்கொடுக்கும். குறைகளும் உண்டு. தகட்டின் ஓரத்திலிருந்து கிளிப்பின் கழுத்து எட்டும் தூரத்துக்குள்தான் துளை இருக்க வேண்டும். தகட்டின் நடுவே இதற்கு வழியில்லை. செருகும்போது அதன் விளிம்பு வர்ணத்தைச் சுரண்டும், சுரண்டிய இடத்தில் ஈரம் தங்கித் துரு ஏறும். செருகும் முன் அந்த ஓரத்தில் ஜிங்க் ப்ரைமர் ஒரு பூச்சும், காய்ந்தபின் சிறிது கிரீஸும் தடவுவது இதற்குப் போதுமான மருந்து. கூண்டு நட் இதன் பெரிய உறவினர்: சதுரத் துளையில் அல்லது பற்றவைத்த சிறு கூண்டுக்குள் நட் தளர்வாக அமர்ந்திருக்கும். அசல் வண்டியில் கனமான உறுப்புகளுக்கு இது வரும். துருவேறிய போல்ட்டைத் திருகும்போது கூண்டு கிழிந்து நட் உள்ளேயே சுற்றத் தொடங்குவதும், அப்போது போல்ட்டின் தலையை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போவதும் பழைய வண்டி வைத்திருப்போர் அறிந்ததே.

மறுபக்கம் கை எட்டுமானால் சாதாரண போல்ட், நட், அகலமான வாஷர் என்ற பழைய முறையை எதுவும் மிஞ்சுவதில்லை. விசையை அகலமான பரப்பில் பரப்புவது வாஷரின் வேலை; அந்த வாஷர் இல்லாவிட்டால் நட் மெல்லிய தகட்டைக் கிண்ணம்போல் குழித்துவிடும், குழிந்த தகடு தளர, நட்டும் தளரும். நைலான் வளையம் வைத்த நட் அதிர்வுக்கு நல்லது, ஆனால் புகைக்குழாய்க்கு அருகில் வேண்டாம். சுமார் 120 டிகிரிக்கு மேல் நைலான் தன் பிடியை இழந்துவிடும். பெட்டிபோல் மூடிய பகுதியை ஊடுருவிப் போல்ட் போட நேர்ந்தால், இறுக்கும்போது பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு குழாய்த் துண்டை வைக்க வேண்டும். இதன் உண்மையான குறை ஆள்பலம்தான்: உள்ளே ஒருவர் ஸ்பேனரைப் பிடிக்க, வெளியே ஒருவர் திருக வேண்டும்.

கை எட்டாத, ஓரமும் இல்லாத இடங்களுக்கு இன்று எல்லோரும் கைகாட்டுவது ரிவெட் நட்டை. 1930களில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம், விமான இறக்கைகளின் முன்விளிம்பில் பனி உடைக்கும் ரப்பர் உறைகளைப் பொருத்துவதற்காக இதை உருவாக்கியது. மறுபக்கம் கை நுழையாத மெல்லிய தகடு என்ற அதே சிக்கல். துளைக்குள் நுழைத்து இழுத்தால் உடல் உப்பித் தகட்டை இருபுறமும் கவ்வும், நடுவே உண்மையான மரை கிடைக்கும். பயன்படுத்த எளிது, பார்க்கச் சுத்தம்.

இருந்தும் நான் இதைத் தயக்கத்தோடுதான் எடுக்கிறேன். முதலில் துளையின் அளவு: எம்6 ரிவெட் நட்டுக்கு 9 மில்லிமீட்டர் துளை வேண்டும், எம்5க்கு 7. இந்த ஒப்பீட்டில் தகட்டிலிருந்து மிக அதிகமாக உலோகத்தை எடுப்பது இதுவே, அதைத் திரும்ப வைக்க முடியாது. இரண்டாவது, சரியாக உப்பாத அல்லது துளை பெரிதாகிப்போன ரிவெட் நட், சில ஆண்டுகளில் போல்ட் துருவேறியபின் கழற்ற முயன்றால், போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்போது அதை ட்ரில் செய்து எடுக்கையில் துளை மேலும் பெரிதாகும். உருண்டை உடலுக்குப் பதிலாக அறுகோண உடலுள்ள வகையை அறுகோணத் துளையில் வைத்தால் சுற்றாது, ஆனால் அத்தகைய துளையை வீட்டில் போடுவது கடினம். வரிகள் செதுக்கிய உருண்டை வகை ஓரளவு சமரசம்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. பொருத்தப்படும் பொருள் ரிவெட் நட்டின் விளிம்புமீது நேராக அமர வேண்டும். பொருளில் உள்ள துளை அந்த விளிம்பைவிடப் பெரிதாக இருந்தாலோ, இடையே மென்மையான ரப்பர் இருந்தாலோ, போல்ட்டை இறுக்க இறுக்க அது ரிவெட் நட்டைத் தகட்டிலிருந்து மேல்நோக்கிப் பிடுங்கும். கண்ணாடியின் அடியில் ரப்பர் மெத்தை வைத்து இறுக்கியபின், சில மாதங்களில் ஆடத் தொடங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மெத்தையின் துளைக்குள் எஃகு வளையம் ஒன்றை வைத்தால் சிக்கல் தீரும். மேலும், ஹெரால்டுக்கு ரிவெட் நட் வாங்கும்போது எஃகு வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

ஏன் எஃகு என்பதை, ஒரே பக்கத்திலிருந்து இழுத்து நிரந்தரமாக இறுக்கும் பாப் ரிவெட்டோடு சேர்த்துச் சொல்வது எளிது. பொதுவாகக் கடையில் கேட்காமல் கிடைப்பது அலுமினிய ரிவெட். அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டு, இடையே உப்பு ஈரம் சேர்ந்தால், அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காக்கும். பெரிய எஃகுத் தகட்டின் நடுவே சின்னஞ்சிறு அலுமினியத் துண்டு இருக்கும்போது அந்த முழுச் சுமையும் அதன்மேல் விழுவதால், கடற்காற்று படும் சென்னை போன்ற ஊரில் அது வெள்ளைப் பொடியாக உதிர்வதற்கு நெடுங்காலம் ஆகாது. எஃகு ரிவெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கைக்கருவியால் இழுக்க நல்ல வலு வேண்டும். பாப் ரிவெட் கழற்றும் பொருளுக்கு உரியதன்று. அதை எடுக்க ட்ரில் வைத்தால் ரிவெட்டும் கூடவே சுற்றி வர்ணத்தை வட்டமாகத் தேய்க்கும்; மூடிய பகுதியில் உள்ளே விழும் முனைத்துண்டு, வண்டியில் ஏறிய ஒவ்வொருவரையும் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தேடவைக்கும். நடுவில் திறந்திருக்கும் சாதாரண வகை நீரையும் உள்ளே விடும். சேசிஸ் எண் தகடு போன்று ஒரு முறை வைத்தால் என்றும் அசையக் கூடாதவற்றுக்கு அது சரி.

ஒட்டு நாடாவை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. துளையே இல்லாத ஒரே வழி அது. 1980இல் 3எம் அறிமுகப்படுத்திய கனமான அக்ரிலிக் நுரை நாடாவும் அதைப் போன்றவையும் பக்கப் பட்டைகளையும் பெயர்ச்சின்னங்களையும் நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் நாடா தகட்டைப் பிடிப்பதில்லை, வர்ணத்தைப் பிடிக்கிறது. அந்த வர்ணத்தின் அடியில் தடித்த புட்டி இருந்தால் பிடிப்பின் வலு புட்டியின் வலுதான். புதிதாகப் பூசிய வர்ணம் முழுவதும் இறுகும்வரை ஒட்டக் கூடாது.

பற்றவைத்தலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வர்ணம் பூசுவதற்கு முன்பானால் அதுவே சிறந்தது, பூசியபின் அது கிட்டத்தட்ட இல்லாத வழி. சீட் பெல்ட்டுக்கு மட்டும் அதைத் தவிர வேறு பேச்சே கூடாது. பெல்ட்டைப் பிணைக்கும் போல்ட்டின் வழக்கமான அளவு 7/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவிலான, நெருக்கமான மரை வகை); மோதலின்போது அதன்மீது விழும் இழுப்பை 0.9 மில்லிமீட்டர் தகடு தனியாகத் தாங்காது, ரிவெட் நட்டோ கிளிப்போ தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். மோட்டார் பந்தய விதிகள் இத்தகைய இடங்களில் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் கொண்ட அடித்தகட்டைக் கேட்கின்றன. அதை ஒரு குறைந்தபட்ச வழிகாட்டியாகவே எடுத்துக்கொண்டேன். என் வண்டியில் தரை உறையை விலக்கி, அடிப்பக்க வர்ணத்தைச் சுரண்டிவிட்டு, நட் பொருத்திய தகட்டைப் பற்றவைத்த பிறகே பெல்ட் ஏறியது. அதற்காக ஒரு பகுதி வர்ணத்தை மீண்டும் பூச நேர்ந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வர்ணத்துக்கு முன்பே யோசிக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

இணைப்பானின் வகையைத் தேர்ந்த பின்னும் மரையில் தவறு நேரலாம். ஹெரால்டும் அம்பாசடரும் அங்குல அளவிலான யுனிஃபைடு மரை கொண்டவை; ஃபியட்டின் வழிவந்த பத்மினி மெட்ரிக். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய போல்ட்டைக் குவியலிலிருந்து பொறுக்கும்போது இரண்டும் கலந்தே கைக்கு வரும். 1/4 யுஎன்எஃப் நட்டுக்குள் எம்6 போல்ட் சற்றுத் தளர்வாக நுழைந்து சில சுற்று ஓடும், 6.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 6 மில்லிமீட்டர், 0.907 மரைத் தூரத்துக்கு 1.0. இறுக்கினால் மரை உரியும். அதைவிட ஏமாற்றும் ஜோடி எம்5ம் 10ஆம் நம்பர் யுஎன்எஃப்பும்: மரைத் தூரம் 0.8க்கு 0.794, விட்டம் 5க்கு 4.83. எம்5 நட்டில் 10ஆம் நம்பர் போல்ட் சரியாகப் பொருந்தியதுபோலவே சுற்றும், ஆனால் பிடிப்பு குறைவுதான். அடையாளம் காண ஸ்பேனரும் உதவும். 1/4 போல்ட்டின் தலைக்கு 7/16 ஸ்பேனர் வேண்டும், எம்6க்குப் பெரும்பாலும் 10. பல பழைய பிரிட்டிஷ் யுனிஃபைடு போல்ட்டுகளின் தலையில் ஒன்றையொன்று தொடும் வட்டங்களோ வட்டக் குழியோ பொறித்திருக்கும். புதிதாக ரிவெட் நட் வைப்பதானாலும், வண்டி முழுதும் ஒரே ஸ்பேனர் பெட்டி போதுமாறு யுஎன்எஃப் வகையைத் தேடுவது நல்லது. கிடைக்காதபோது எம்6 வைத்துவிட்டு, அந்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிடுகிறேன்.

உலோகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மீது எல்லோருக்கும் மோகம். பெரிய எஃகுத் தகட்டில் சிறு ஸ்டெயின்லெஸ் போல்ட் இருப்பதால், அலுமினிய ரிவெட்டுக்கு நேர்ந்தது இங்கே நேராது. ஆனால் துளையின் விளிம்பில் வர்ணம் விட்டுப்போயிருந்தால் அந்த விளிம்புத் தகடுதான் துருவேறும், போல்ட் பளபளவென்று இருக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் சேரும்போது மரைகள் ஒன்றையொன்று கவ்வி இறுகிப்போவதும் உண்டு. சிறிது செம்புக் கிரீஸ் தடவினால் தவிர்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஸ்டெயின்லெஸ், அடியில் ஜிங்க் முலாம் பூசியது என்று நான் பிரித்துக்கொண்டேன்.

இவ்வளவையும் வைத்து என் வண்டியில் முடிவானது இப்படி. கதவின் உள் அட்டைக்குத் தொழிற்சாலை விட்டிருந்த துளைகளில் அசல் வகை வில் கிளிப்புகளே சென்றன. புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. மட்ஃபிளாப்பை மட்கார்டின் மடிந்த ஓரத்தில் கிளிப் நட் வைத்துப் பொருத்தினேன். கல்லடியும் சேறும் படும் இடம் என்பதால் ஆண்டுக்கொரு முறை கிளிப்பை மாற்ற நேரலாம், அதில் குறையில்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் டிக்கியிலிருந்து கை எட்டியதால் போல்ட்டும் நட்டும் அகல வாஷரும். ஒயர்ப் பிடிகளுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியாத உள் விளிம்பில், 4 மில்லிமீட்டருக்கும் குறைவான எஃகுப் பாப் ரிவெட்.

பக்கக் கண்ணாடியில்தான் நெடுநாள் தயங்கினேன். கதவின் வெளித் தகட்டில் ஓரம் இல்லை, ஆகவே கிளிப் நட் இல்லை. ரிவெட் நட் என்றால் இரண்டு 9 மில்லிமீட்டர் துளைகள். கடைசியில் உள் அட்டையைக் கழற்றி, கதவின் சன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பார்த்தபோது, கதவுக்குள் கை நுழைய இடம் இருந்தது. 3 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு தகட்டில் இரண்டு 10ஆம் நம்பர் யுஎன்எஃப் மரைகளை டேப் போட்டு, அதை உள்ளிருந்து வெளித் தகட்டுக்கு முதுகாக வைத்தேன். கனத்தைக் கடன் கொடுத்தது அந்தத் துண்டு. தகட்டில் தேவைப்பட்டது 5 மில்லிமீட்டர் துளை இரண்டு மட்டுமே. மூடுநாடா ஒட்டி, சென்டர் பஞ்ச் உளியால் புள்ளி வைத்து, முதலில் 3 மில்லிமீட்டர் பிட், பிறகு 5. பிசிறைக் கையால் எடுத்து, விளிம்பில் ப்ரைமரும் அதே நிற வர்ணமும் மெல்லிய தூரிகையால் தொட்டு, மறுநாள்வரை காயவிட்டு, அதன்பின் பக்கக் கண்ணாடியை ஏற்றினேன்.